அக்கா பேரில் ஒரு பிரசவம்

போன வார அத்தியாயத்தில் மெர்சியை ஆரணி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தோம். மடியில் கல்யாண ஆல்பம். பையில் கனடாவிலிருந்து வந்த கடிதத்தின் நகல். அம்மா ஞானம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

கடிதம் சொன்னது இதுதான். ஜெரால்டுக்கும் மெர்சிக்கும் நடந்தது உண்மையான கல்யாணம் என்று நம்ப முடியவில்லை. மனைவி என்று சொல்லி விசா வாங்கச் செய்துகொண்ட ஏற்பாடாகத் தெரிகிறது. அப்படி இல்லை என்றால் இந்த மாதக் கடைசிக்குள் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்க வேண்டுமாம். கும்மிடிப்பூண்டியில் சர்ச் கொள்ளாத ஜனத்தைக் கூட்டி, பேண்டு வைத்து, பிரியாணி போட்டுச் செய்த கல்யாணம். மாப்பிள்ளை காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்து, கனடா போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவன். ஊரே வந்து வாழ்த்திச் சாப்பிட்டுவிட்டுப் போனது. கடலுக்கு அந்தப் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அதெல்லாம் போதவில்லை.

மெர்சிக்கு அந்த அதிகாரியின் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் கேட்ட அதே கேள்வியை அவளும் ஒரு வருஷமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் திலகவதியின் அலுவலகம். வெளிநாட்டு விசா விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பவர். வாய் கொஞ்சம் காரம். ஆனால் வந்தவர்களை ஏமாற்றியதாக ஒருத்தரும் சொன்னதில்லை. ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"ஆல்பம் நல்லாத்தான் இருக்கு. மோதிரம் போடறீங்க, கேக் வெட்டறீங்க, பந்தியில உன் வீட்டுக்காரர் ஊட்டி விடறார். இதெல்லாம் ஒரு நாள் கூத்தும்மா. அவங்க கேக்கறது அதுக்கப்புறம்."

"அதுக்கப்பறமும் தெனம் பேசிக்கினுதான் இருக்கோம் மேடம். கால் லிஸ்ட்டு குடுத்தேனே."

"போன கிறிஸ்மஸ்லேர்ந்து குடுத்திருக்க. அதுக்கு முன்னாடி எங்க? கல்யாணமாகி மூணு மாசத்துல அவர் பிளேன் ஏறிட்டார். ஏறின நாள்லேர்ந்து கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரு மெசேஜ் இல்ல, ஒரு போட்டோ இல்ல, 'சாப்ட்டியா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்க இடத்துல நான் இருந்தா நானும் நம்ப மாட்டேன்."

"போனு கெட்டுப் போச்சு மேடம்."

"அவர் போனுமா?"

மெர்சி மின்விசிறியைப் பார்த்தாள். திலகவதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு. நான் பொய் எழுதித் தர மாட்டேன். எழுதினாலும் உனக்குத்தான் ஆபத்து. பொய்னு கண்டுபிடிச்சா அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. அந்த மாசங்கள்ல உங்களுக்குள்ள என்ன ஆச்சுன்னு நெஜத்தைச் சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு."

மெர்சி ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொயந்த ஒண்ணு பொறந்துச்சு மேடம். எட்டாம் மாசம். பொறக்கும்போதே உசுரு இல்ல."

திலகவதி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஆனால் பல வருஷத் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"ஏம்மா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? இதை விடப் பெரிய ஆதாரம் என்ன வேணும்? ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் கொண்டா. உன் பேரு, அவர் பேரு, தேதி..." சொல்லிக்கொண்டே போனவர், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. உனக்கு எப்படி இருக்கும்னு யோசிக்காம பேசிட்டேன்."

"அதுக்கில்ல மேடம். பேப்பர்ல அம்மா பேரு ஏஞ்சலின்னு இருக்கும்."

"ஏஞ்சலின் யாரு?"

"எங்கக்கா."

வாசகர்களுக்கு ஏஞ்சலினைத் தெரியும். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லாதவள், தங்கையின் கல்யாணத்துக்குத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டவள். அவள் கணவன் ஸ்டீபன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நிரந்தர ஊழியர். அதனால் அந்த வீட்டில் காசில்லாமல் வைத்தியம் பார்க்கும் ஈ.எஸ்.ஐ. கார்டு உண்டு. மெர்சி வேலை பார்த்த தேர்வாய் கண்டிகைக் காண்டிராக்டர் அவளுக்கு அந்தக் கார்டுக்கான பணத்தைக் கட்டவே இல்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

மெர்சிக்கு நாள் தள்ளிப் போனதும் ஏஞ்சலின்தான் சொன்னாள். "கவர்மெண்டு ஆஸ்பத்திரியில போய்க் கால் கடுக்க நிப்பியா? என் கார்டு சும்மாதான கெடக்குது. எனக்குத்தான் அதுக்கு வேலையே இல்லியே. கார்டு எடுக்கற ஆஸ்பத்திரி சுத்தமா இருக்கும், ஸ்கேனு கேட்ட ஒடனே எடுப்பாங்க. வா." கார்டில் ஒட்டியிருந்த சின்னப் படத்தில் அக்காவின் முகம் தங்கையின் முகம் போலவே இருந்தது. கிராம நர்ஸ் வீடு தேடி வந்தபோது, கம்பெனி ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம் என்று ஞானம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். ஒருத்தருக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. அக்காவின் புடவையைத் தங்கை கட்டிக்கொள்வதில்லையா, அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்படித்தான் மெர்சி பெற்ற பிள்ளை, ஏஞ்சலினின் பிள்ளையாகப் பதிவானது.

குழந்தை போன மறுநாள் ஸ்டீபனின் கம்பெனிக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். கார்டில் யாருக்குப் பிரசவமோ அவளுக்குத்தானே துக்கம். ஏஞ்சலின் பாயில் படுத்துக்கொண்டாள். வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் அவள் தலைமாட்டில் வைத்தார்கள். பெற்றவள் சமையலறையில் நின்று அவர்களுக்கு டீ போட்டாள். மாரில் பால் கட்டி விண்விண்ணென்று வலித்தது. நைட்டி நனைந்து தெரியாமல் இருக்க உள்ளே துண்டை மடித்து வைத்திருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்ட ஒருவர், "அக்காவ நல்லாப் பாத்துக்கம்மா" என்றார். "பாத்துக்கறேண்ணா" என்றாள்.

ஏஞ்சலின் அன்று அழுதாள். அது நடிப்பில்லை என்று மெர்சிக்குத் தெரியும்.

அதே வாரம் ஸ்டீபனோடு வேலை செய்த கோபால் மாட்டிக்கொண்டான். மச்சானின் கால் உடைந்ததற்குத் தன் கார்டில் வைத்தியம் பார்த்தவன். விசாரணை வைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஸ்டீபன் ஆடிப்போய்விட்டார். "ஸ்கேன் படம், வயித்தோட எடுத்த போட்டோ, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினது, எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்று ஜெரால்டுக்கும் சேர்த்துச் சொன்னார். அழித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்கள் வாழ்ந்த மாதங்கள் அப்படித்தான் காணாமல் போயின.

எல்லாவற்றையும் கேட்ட திலகவதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க அக்காவும் மாமாவும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அது இருந்தா நான் போராடிப் பாப்பேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவங்க ஆஸ்பத்திரியிலயே கேட்டு விசாரிப்பாங்க."

"விசாரிச்சா மாமா வேல போயிடும் மேடம்."

"போகலாம். வேற ஏதாவது இருக்கா? புதைச்ச இடத்துல ஒரு கல்லு, ஒரு போட்டோ?"

"எந்த எடம்னே எனக்குத் தெரியாது. எங்க பக்கத்துல பெத்தவளுக்குக் காட்ட மாட்டாங்க."

"யாருக்குத் தெரியும்?"

"புதைச்சது மாமாதான்."

"நாளைக்கு நான் அனுப்பியே ஆகணும் மெர்சி. சாயங்காலம் போன் பண்றேன்."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலை இறக்கிவிட்டு மெர்சி தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

திலகவதியிடம் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. கிறிஸ்மஸ் வரை பேசாமல் இருந்தது ஸ்டீபனுக்குப் பயந்து அல்ல. குழந்தையைப் புதைத்த அன்று ராத்திரி ஜெரால்டு கூப்பிட்டான். உடம்பைப் பார்த்துக்கொள் என்றான், மாத்திரை சாப்பிட்டாயா என்றான். அவள் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். எங்கே வைத்தீர்கள் என்று அவன் கேட்கட்டும், நானும் சேர்ந்து அழுகிறேன் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். பெற்ற பிள்ளையை எங்கே போட்டார்கள் என்று கேட்கத் தோன்றாதவன் என்ன புருஷன்?

கிறிஸ்மஸ் அன்று எடுத்தாள். ஊர் உலகத்துக்காக எடுத்தாள் என்பதுதான் சரி. அதற்குப் பிறகு தினமும் பேசினார்கள். சாப்பாடு, குளிர், விசா. குழந்தையின் பேச்சு மட்டும் வரவே இல்லை.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது ஸ்டீபன் ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏஞ்சலின் வாசல் பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மெர்சி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். டீ ஆறிப் போனது.

"என்னால முடியாது மெர்சி." ஸ்டீபன் குரலை உயர்த்தவில்லை. "கோபால இன்னா பண்ணாங்கன்னு பாத்த இல்ல? பதினோரு வருசம் காண்டிராக்டுல கெடந்து பெர்மனென்ட் ஆனவன் நான். இப்ப நானே போய் ஆமா சார், ஏமாத்தினேன்னு எழுதித் தரணுமா?"

"நம்ம எதயும் திருடல மாமா."

"அத அவங்க கிட்ட சொல்லு."

ஏஞ்சலின் மீனை அலசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் அலசினாள்.

"சரி மாமா, எழுதித் தர வாணாம். எங்க வெச்சீங்கன்னாவது காட்டுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கினு போறேன்."

"அங்க இன்னா கீது போட்டோ எடுக்க? ஞானஸ்நானம் வாங்காத கொயந்தைக்குச் சிலுவ நட மாட்டாங்க. செவுத்தோரம் மண்ணுதான் கெடக்கும்." ஸ்டீபன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஜெரால்டு உங்கிட்ட இன்னும் சொல்லவேயில்லியா?"

"இன்னாத்த?"

"அவனும் இருந்தான்."

"எங்க இருந்தாரு?"

"அங்கதான். நான் குழி வெட்டும்போது. வீடியோ கால்ல."

மெர்சிக்குச் சட்டென்று எதுவும் புரியவில்லை. ஏஞ்சலின் கையில் மீனோடு திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"அவனுக்கு அப்பக் காலையில. வேலைக்குப் போற பஸ்ஸுல உக்காந்திருந்தான். நான் போன செவுத்து மேல சாச்சு வெச்சிட்டு வெட்டினேன். பஸ்ஸு போய் நின்னுச்சு, எல்லாரும் எறங்கினாங்க, இவன் எறங்கல. டிரைவரு வந்து தோளத் தட்டினாரு. அப்பக்கூட எறங்காம, கொஞ்சம் இரு கொஞ்சம் இருன்னு தமிழ்லயே சொல்றான் அந்தாளுகிட்ட. மண்ணு தள்றதுக்கு முன்னாடி மூஞ்சியக் காட்டுங்கன்னான். துணிய வெலக்கிக் காட்டினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் மெர்சி. "ரெண்டு பேரும் ஏன் சொல்லல மாமா?"

"அத்த சத்தியம் வாங்கிக்கினாங்க. எங்கிட்டயும், போன்ல அவங்கிட்டயும், பைபிள் மேல. எடம் தெரிஞ்சா பெத்தவ அங்கியே போய் உக்காந்துக்குவா, அடுத்தது தங்காதுன்னாங்க. அந்த எடத்தப் பத்தி அவ கிட்ட வாயே தொறக்கக் கூடாதுன்னாங்க."

ஞானம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு அவள் அம்மா சொன்னதை அவள் செய்தாள். ஆனால் அந்தச் சத்தியம் மகளின் குடித்தனத்தை உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியாமல். மெர்சி தரையில் உட்கார்ந்தாள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அவனை எத்தனை ராத்திரி சபித்திருக்கிறாள். பார்த்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

ஸ்டீபன் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தார். நெடுநேரம் தேடினார்.

"எல்லாத்தையும் அழின்னு சொன்னவன் நாந்தான். இத மட்டும் அழிக்க மனசு வர்ல. அவன்தான் எடுத்து வெக்கச் சொன்னான். இதான் எம் புள்ளயோட நான் இருக்கற ஒரே போட்டோ அண்ணான்னான்."

திரையை நிறைத்துக்கொண்டு ஜெரால்டின் முகம். தலையில் வேலைத் தொப்பி, பின்னால் காலியான பஸ் இருக்கைகள். வாய் கோணிக்கொண்டு, எந்தப் பெண்டாட்டியும் பார்க்கக் கூடாத முகம். மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம். அதில் வெள்ளைத் துண்டு, ஸ்டீபனின் மண் ஒட்டிய கை, அந்தக் கைக்குள் ஒரு முகம்.

மெர்சி தன் பிள்ளையைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்று துணி போட்டு மூடி எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு விரலால் அந்தக் கட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். பெரிதாக ஆக ஆகப் படம் மங்கியது. கொஞ்சம் சுருக்கினாள். தலை நிறைய முடி. நெற்றி ஜெரால்டுடையது. மூக்குக்குக் கீழே அவளேதான்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஏஞ்சலின்தான் வந்து அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அக்கா மேல் மீன் வாடை அடித்தது. இருவரும் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெரால்டுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. தூக்கக் குரலில் எடுத்தான்.

"படத்தப் பாத்துட்டேன்" என்றாள் மெர்சி.

அந்தப் பக்கம் அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் உங்கள எப்டியெல்லாம் நெனச்சேன் தெரியுமா?"

"சத்தியம் பண்ணிட்டேன் மெர்சி. நீ போன எடுக்காதப்பக் கூட சரின்னுதான் நெனச்சேன். அங்க இருக்க வேண்டிய நேரத்துல நான் இல்ல. நீ எங்கூடப் பேசாம இருந்ததுல தப்பு இல்ல."

"இருந்தீங்க" என்றாள் மெர்சி. சொல்லிவிட்டு அழுதாள். அவன் அழுவது கேட்டது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவர்கள் சேர்ந்து அழுதது அப்போதுதான். நடுவில் எத்தனை கடல் இருந்தால் என்ன.

போனை வைத்தபோது ஸ்டீபன் சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கம்பெனி பஸ் வரும் நேரம்.

"நான் எழுதித் தரேன் மெர்சி" என்றார். "வேல போனா வேற வேல. துறைமுகத்துப் பக்கம் போனாக் கூலிக்காவது கூப்புடுவாங்க. அந்தப் படத்த மறுபடி பாத்துட்டு என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் அவர் படியிறங்கிப் போனார். மெர்சிக்கு உடம்பெல்லாம் லேசானது. கனடா அவளுக்கு முதல் தடவையாக ஆசையாக இருந்தது. அங்கே ஒரு பஸ்ஸில், இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒருவன் இருந்தான். அவனோடு போய் இருக்க வேண்டும். உடனே போக வேண்டும்.

"மெர்சி." ஏஞ்சலின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அத வாங்காத."

"அக்கா?"

"அவரு எழுதிக் குடுத்தாலும் நீ வாங்காத. உன் கால்ல வுழறேன்."

அக்கா இப்படிப் பேசுகிறவள் இல்லை. மெர்சி அவளைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்த முகத்தில் வெளிறல் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிந்தது.

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது" என்றாள் ஏஞ்சலின். "ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சு. அவருக்கே தெரியாது. ஏழு வருசம் கயிச்சு வந்துருக்குது, சொல்லி வெச்சு அப்பறம் இல்லன்னு ஆச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு. மூணு முடியட்டும்னு வெச்சிருக்கேன். போன வாரம் நானே தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"அதே ஆஸ்பத்திரிதான். கார்டக் குடுத்தேன், பழைய பைல எடுத்தாங்க. இது ரெண்டாவதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். மொதக் கொயந்த இன்னாச்சுன்னு கேட்டாங்க. செத்துப் பொறந்துச்சுன்னேன். நர்சு என் கையப் புடிச்சிக்கினு, இந்த வாட்டி நல்லபடியாப் பொறக்கும்மான்னாங்க."

வெளியே மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வயசாயிடுச்சாம் எனக்கு. மாசா மாசம் ஸ்கேனு எடுக்கணும், ஊசி போடணும், படுத்தே இருக்கணும்னாங்க. இந்த நேரத்துல அவரு வேல போயி, விசாரணன்னு அவர அலைய வுட்டு, கார்டும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? நீ இன்னிக்கில்லன்னா நாளைக்குப் போய்க்கலாம் மெர்சி. எனக்கு இன்னொரு வாட்டி வராது."

தங்கச்சியிடம் இப்படிக் கேட்கிறோமே என்ற வெட்கம் அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் கேட்டாள். கையைக் கூப்பவில்லை, அந்தக் கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

மெர்சிக்கு நியாயமாக ஆத்திரம் வந்திருக்க வேண்டும். இவளுக்காக ஒரு தடவை சமையலறையில் நின்று டீ போட்டாயிற்று, இன்னும் எத்தனை தடவை என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் ஆப்பிள்களுக்கு நடுவே பாயில் படுத்து, தனக்குச் சொந்தமில்லாத துக்கத்துக்கு உடம்பு குலுங்கக் குலுங்க அழுத அக்காவும் கூடவே ஞாபகம் வந்தாள்.

"மாமாகிட்ட இன்னா சொல்றது?"

"எதயாவது சொல்லு. இத மட்டும் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. ஜெரால்டுகிட்டயும்தான். அவன் கிட்ட சொன்னா அவரு கிட்ட போயிடும்."

"சரிக்கா."

"சத்தியமா?"

மெர்சி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "சத்தியமா" என்றாள்.

திலகவதி சொன்னபடி போன் செய்தார்.

"என்னம்மா, ஏதாவது கெடச்சுதா?"

"ஒரு படம் கெடச்சுது மேடம். புதைக்கறப்ப அவரு வீடியோ கால்ல இருந்துருக்காரு. ரெண்டு பேரும் அதுல இருக்காங்க, புள்ளயும் அவரும்."

"அடேயப்பா" என்றார் திலகவதி. "அனுப்பு, ஒடனே அனுப்பு. ஆஸ்பத்திரிப் பேப்பர்?"

"இல்ல மேடம்."

"உங்க மாமா எழுதித் தர மாட்டேன்னுட்டாரா?"

எதிரே ஏஞ்சலின் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கேக்கல மேடம்."

"மெர்சி, படம் மட்டும் வெச்சா அது யாரோட குழந்தைன்னு கேப்பாங்க. பெத்தவ நீதான்னு எதை வெச்சு நம்புவாங்க?"

"தெரியும் மேடம். அத மட்டும் வெச்சு அனுப்புங்க."

திலகவதி போனை வைத்துவிட்டார். ஏஞ்சலின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மெர்சி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் போனைப் பார்த்தபோது ஜெரால்டிடமிருந்து செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு காகிதத்தின் படம். கம்பெனி பஸ் குலுங்கலில் எழுதிய ஸ்டீபனின் கோணல் எழுத்து. கீழே கையெழுத்து, தேதி, கம்பெனி அடையாள எண் உட்பட.

'ஸ்டீபன் அண்ணா எல்லாத்தையும் எழுதி எனக்கு அனுப்பிட்டாரு. நான் இப்பவே திலகவதி மேடத்துக்கு அனுப்பிடறேன். நீ கவலைப்படாத. இந்த வாட்டி உன்ன விட மாட்டேன்.'

மெர்சி 'அனுப்பாதீங்க' என்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது. 'ஏன்?'

அவள் எழுத ஆரம்பித்து அழித்தாள். இன்னொரு தடவை எழுதி அழித்தாள். பதில் வராததைப் பார்த்து அவன் கூப்பிட்டான். போன் அவள் கையிலேயே அடித்தது. ஏஞ்சலின் கண்ணைத் திறந்து, யார் என்று பார்வையாலேயே கேட்டாள்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் எடுக்காமல் விட்ட போன். இன்று அவன் குரலைக் கேட்க அவள் உயிரையே கொடுப்பாள். அது அடித்து அடித்து ஓயும் வரை மெர்சி எடுக்கவில்லை.